முழுசாகப் பார்த்தீர்களா?

கேள்வி: என் மகனுக்கு 28 வயது. வேலை பார்த்துக்கொண்டே மேடை நகைச்சுவையும் செய்கிறான். போன மாதம் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில், சிங்கப்பூரில் கல்யாணமாகாதவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயதுவரை காத்திருப்பது நியாயமில்லை என்று பேசிவிட்டான். நாத்தனார் அனுப்பிய துண்டு வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அமெரிக்காவில் டிவி நகைச்சுவைத் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மலையே நிறுத்தினார்களே! இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவதில்லை. – உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: நாத்தனார் அனுப்பிய துண்டு என்கிறீர்கள். முழு நிகழ்ச்சியைப் பார்த்ததாகக் கடிதத்தில் எங்குமே இல்லையே, அம்மா? பிள்ளை டிவியில் வருகிறான். பெற்றவள் பார்க்கவில்லை. யாரோ வெட்டி அனுப்பியதை வைத்து, சொந்தக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொல்லியாயிற்று. அந்தத் துண்டுக்கு முன்னால் அவனிடம் என்ன கேட்டார்கள், பின்னால் அவன் என்ன சொன்னான், உங்களுக்குத் தெரியுமா? அவன் சாப்பிட வராததற்குக் காரணம் அரசியல் இல்லை.

கிம்மல் கதையிலும் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 17 அன்று ஏபிசி தொலைக்காட்சி அவரை நிறுத்தியது. 23-ஆம் தேதி அவர் திரும்பி வந்துவிட்டார். அதற்காக, பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதே ஏபிசியில் நகைச்சுவையாளர் பில் மார், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு மனத்தில் பட்டதைச் சொன்னார். விளம்பரதாரர்கள் விலகினார்கள், அடுத்த ஆண்டு நிகழ்ச்சியே போய்விட்டது. சிரிக்கவைப்பவன் உண்மை பேசினால் இழப்பு வரலாம். அதனால்தான் வீடு அவன் பக்கம் நிற்கவேண்டும் என்கிறேன்.

இங்கே எல்லை எது என்பது உங்களுக்கும் தெரியும். ஹாங் லிம் பூங்காவில் பொதுமக்கள் பேசுவதற்கென்றே இருக்கும் பேச்சாளர் முனையில்கூட மதத்தையும் இனப்பகை மூட்டுவதையும் பேச அனுமதியில்லை. உங்கள் மகன் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டு விதியைப் பேசினான். அது பொய்யா? தனியாளுக்கு 35 வயது ஆகவேண்டும், அப்போதும் வீவகவிடம் புதிதாக வாங்குவதென்றால் ஈரறை வீடுதான். உங்கள் சாப்பாட்டு மேசையில் இதைப் பேசியதே இல்லையா? வரன் பார்க்கும்போது பெண் வீட்டார் முதலில் கேட்பதே வீட்டைப் பற்றித்தானே? நினைத்ததைச் சொன்னான் என்பதற்காகப் பின்வாங்குகிற சம்பந்தம் உங்களுக்கு வேண்டாம். போகட்டும்.

சரி, மகன் மேலும் தப்பு இருக்கிறது. ஒளிபரப்புக்கு முன் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை பேசியதைப் பெற்றவர்கள் அடுத்தவர் மூலம் தெரிந்துகொள்ளக் கூடாது. எவ்வளவு பெரிய மேடை ஏறினாலும் அந்தக் கடமை தீராது. இதை அவனிடம் நேருக்கு நேர் கேளுங்கள், முதலில் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு.

இன்றிரவே பாருங்கள். அவன் அப்பாவையும் உட்காரவையுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். பிடிக்காத இடம் இருந்தால் குறித்துக்கொண்டு அவனிடமே கேளுங்கள். அப்புறம், மன்னிப்புக் கேட்கச் சொன்னது தவறு என்று அதே வாட்ஸ்அப் குழுவில் நீங்களே எழுதுங்கள், நாத்தனாரும் படிக்கட்டும்.