வரைந்த காட்டின் முன் நடிகர் ஒட்டாமல் நிற்பது குறித்து

வணக்கம். காட்டுக் காட்சிக்காக வரைவித்த பின்திரை தனியே பார்க்கையில் அழகாக இருந்தும், நடிகர் முன்னே வந்து நின்றதும் இரண்டும் ஒட்டவில்லை என்றும், விளக்கைக் கூட்டியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். விளக்கைக் கூட்டக் கூட்டத் துணியின் தட்டைத்தன்மைதான் வெளிப்படும்.

1862இல் ஜெனீவாவில் பிறந்த மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் அப்பியா, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்கள் மேடையேறிய விதத்தில் கண்ட குறையும் இதுவே: தீட்டிய மரத்தின் நிழல் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, உயிருள்ள நடிகரின் நிழல் வேறு பக்கம் விழுந்தது. வாக்னரின் ‘சீக்ஃப்ரீட்’ நாடகத்தில் வரும் காட்டைப் பற்றி அவர் சொன்னது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். மேடையில் காட்டைக் காட்ட வேண்டியதில்லை, காட்டுக்குள் நிற்கும் மனிதனைக் காட்டினால் போதும், அவன்மேல் இலைநிழல் அசைந்தால் பார்வையாளர் காட்டை உணர்ந்துகொள்வர் என்றார்.

ஆகவே திரையைக் கழற்றிவிட்டு, வெறும் சாம்பல்நிறத் துணியைத் தொங்கவிடுங்கள். மெல்லிய தகரத்தில் இலைவடிவங்களை வெட்டி, பக்கவாட்டு விளக்கின் முன் சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள். அட்டை வேண்டாம், சூட்டில் கருகும். இரண்டு மூன்று உயரங்களில் மரப்பலகை மேடைகளும் தேவை, ஏனெனில் ஏறி இறங்கும்போதுதான் உடலின் கனம் தெரியும். 1913இல் ஜெர்மனியின் ஹெல்லராவில் க்ளூக்கின் ‘ஆர்ஃபியஸ்’ இசை நாடகம் மேடையேறியபோது பாதாள உலகத்திற்கு அப்பியா அமைத்தது பெரும்பாலும் படிக்கட்டுகளே. ஓவியருக்கு வருத்தம் இருக்கும். அவரையே தகரம் வெட்டச் சொல்லலாம்.