அம்மப்பாவின் போர்க்காலக் கத்தி: முதலில் பிடியைப் பாருங்கள்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் எங்கள் பழைய வீட்டை இடிக்கும்போது, அம்மப்பாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் ஒரு கத்தி கிடைத்தது. ஒரு அடிக்குச் சற்றுக் குறைவு, இரண்டு பக்கமும் கூர். கறுப்புப் பிடியில் வளையம் வளையமாக வரிகள். தோல் உறையும் உண்டு. அம்மப்பா பிரித்தானியப் படையில் லொறி ஓட்டியவர். 1946 இல் எகிப்தில் இருந்து வரும்போது கொண்டுவந்தார் என்கிறார் அம்மா. மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் இருந்த கத்தி என்கிறார் பெரிய மாமா. யார் சொல்வது சரி? துருவை எப்படிப் போக்குவது?

பதில்: துருவில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். அரத்தாளும் புளியும் பட்டால், கத்தியின் வயதைச் சொல்லக்கூடிய சின்னச் சின்ன முத்திரைகள்தான் முதலில் அழியும்.

நீங்கள் சொல்லும் உருவம் ஃபெயார்பேர்ன்-சைக்ஸ் கத்தியுடையது. ஷாங்காய் பொலிசில் இருந்த ஃபெயார்பேர்ன், சைக்ஸ் என்ற இருவரும் வடிவமைக்க, லண்டன் வில்கின்சன் ஸ்வோர்ட் கம்பனி 1941 இல் பிரித்தானியக் கொமாண்டோக்களுக்காகச் செய்யத் தொடங்கியது. முதல் வகையில், பிடிக்கும் அலகுக்கும் இடையே இருக்கும் குறுக்குத் தடுப்பு ‘எஸ்’ எழுத்துப் போல வளைந்திருக்கும். 1942 இல் வந்த இரண்டாவது வகையில் தடுப்பு நேராகிவிட்டது. இந்த இரண்டிலும் பிடியில் சொரசொரப்பான கட்டம் கட்டமான வெட்டுகள் இருக்கும். வளைய வரிப் பிடி மூன்றாவது வகைக்கு உரியது. அது 1943 ஒக்டோபர் அளவில்தான் வந்தது.

பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் நம் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது 1942 ஏப்ரல் 9. ஆகவே பெரிய மாமாவின் கதை இந்தக் கத்திக்குப் பொருந்தாது. அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இந்தக் கரையில் அந்தக் கப்பலின் கதையைக் கேட்டு வளராதவர் யார்?

அதற்காக அம்மாவின் கதை தானாக உறுதியாகிவிடாது. வளையப் பிடிக் கத்தியைப் போருக்குப் பிறகும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடர்ந்து செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். இங்கேதான் பூதக்கண்ணாடி வேண்டும். தடுப்பில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா? அது பிரித்தானிய அரசுச் சொத்தின் அடையாளம். பக்கத்தில் பரிசோதகரின் எழுத்தும் இலக்கமும் இருக்கலாம். பிடியின் மேல் நுனிக்குக் கீழே 1 முதல் 4 வரை ஏதாவது ஒரு இலக்கம் புடைத்து நின்றால், அது பிடியை வார்த்த அச்சின் எண். இவை போர்க்காலத்துக்குச் சாதகமான சாட்சிகள். அம்பு இல்லாமல் ‘இங்கிலாந்து’ என்று மட்டும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், பெரும்பாலும் போருக்குப் பின் விற்பனைக்குச் செய்ததுதான். உறையையும் பாருங்கள்: நுனியில் பித்தளை மூடி, பிடியை இறுக்க எலாஸ்டிக் பட்டி, உடுப்போடு வைத்துத் தைக்கப் பக்கத்துக்கு இரண்டாகத் தோல் காதுகள். காதுகளைப் பலர் வெட்டிவிட்டார்கள், வெட்டிய தடம் இருந்தாலும் போதும்.

லொறி ஓட்டியவருக்குக் கொமாண்டோக் கத்தி எப்படி? படையில் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் முகாம்களில் பண்டமாற்று சாதாரணம். அம்மப்பா கையில் அது வந்த வழியைக் கத்தி சொல்லாது, காகிதம் சொல்லலாம். அதே பெட்டியில் பழுப்பு நிறச் சிறு புத்தகம் ஒன்று, படைவீரரின் சம்பளப் புத்தகம், இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் பிரிவும் திகதிகளும் இருக்கும். பதக்கம் கிடைத்தால் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. அம்மாவிடமும் அவருடைய சகோதரர்களிடமும் தனித்தனியாகக் கேட்டு, சொன்னபடியே எழுதி வையுங்கள். என் கணக்கில் கத்தியைவிட அந்தத் தாள்தான் பெறுமதி.

பராமரிப்புக்கு வருவோம். உப்புக் காற்று அடிக்கும் ஊர், ஆகவே கத்தியை உறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை லேசாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாட்பட்டால் பிசுக்காகிவிடும். உறைக்கு எண்ணெயே வேண்டாம். பித்தளையில் பச்சைக் களிம்பு இருந்தால் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

இதைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொழும்பு பஸ் ஏறாதீர்கள். கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் முதலில் பொலிசில் கேளுங்கள். இப்போதைக்குப் படமே போதும். வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்து, தடுப்பின் இரண்டு பக்கத்தையும் பிடியின் நுனியையும் உறையின் பின்புறத்தையும் எடுத்து அனுப்புங்கள்.