வெறுமையாக விட்ட அந்த ஒரு வரி

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

நாங்கள் 1991இல் பிரான்சுக்கு வந்தனாங்கள். அவர் போய் 6 வருசம். அவரின்ர பென்சனில் எனக்கு வாற பங்கில்தான் சீவிக்கிறன். ஒரேயொரு மகள், 31 வயது. ஒரு பிரெஞ்சுப் பெடியனோட இருக்கிறாள். கலியாணம் இல்லை. நகரசபையில் 'பக்ஸ்' எண்டு, கலியாணம் இல்லாமல் சேர்ந்து வாழுறதுக்கான ஒரு ஒப்பந்தக் கடுதாசியில் கையெழுத்து வைச்சினம், அரை மணித்தியாலத்தில் முடிஞ்சுது. தாலி இல்லை, கூறை இல்லை, ஐயர் இல்லை. என்னையும் கூப்பிட்டவள்தான். நான் போகேல்லை.

இப்ப பொம்பிளைப் பிள்ளை பிறந்து 7 மாதம். பிறந்தண்டு பார்த்ததோட சரி. அதுக்கும் இரண்டு குடும்பப் பெயரை ஒட்டி வைச்சிருக்கினம்: முதல் அவன்ர பேர், பிறகு எங்கட அவரின்ர பேர். பள்ளிக்கூடத்தில் பிள்ளை அதை எப்பிடி எழுதப் போகுதோ தெரியாது. தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனால், தெரிஞ்ச சனத்தைக் கண்டதும் மற்றத் தெருவால போறன். "மகளுக்கு எப்ப கலியாணம்" எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?

என்ர அண்ணரின் மகள் ஒசாகாவுக்குப் படிக்கப் போய் ஒரு ஜப்பான்காரனைத்தான் முடிச்சவள். ஆனால் முறையா முடிச்சவள். தாலியும் கட்டி, அவங்கட குடும்பப் பதிவேட்டிலும் பேர் ஏத்தி, மாமியாரோட ஒரே வீட்டில் இருக்கிறாள். அண்ணர் தலை நிமிர்ந்து நடக்கிறார். ஜப்பானில் இருக்கிற ஒழுங்கு இஞ்சை ஏன் இல்லை?

போன மாதம் மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் 3 நாள் கிடந்தனான். மகளுக்குச் சொல்லேல்லை. அங்கை தந்த படிவத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவரின்ர பேர் எழுத ஒரு வரி இருந்தது, வெறுமையா விட்டுக் குடுத்திட்டன். அதை விடுங்கோ. பகலில் பிள்ளையைப் பார்க்கிற கிரெஷில், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஆக்களின்ர லிஸ்டில் என்ர பேரையும் எழுதியிருக்கிறாளாம். ஆர் கேட்டது?

ஒரு தாலியைக் கட்டினால் எல்லாம் சரியாகும். இதை அவளுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது?

– ஒரு தாய், பாரிஸ் புறநகர்

அன்புள்ள அம்மா,

தாலி என்ற சொல்லை மூன்று தடவை எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தை ஒரே தடவை சொல்லி, "அதை விடுங்கோ" என்று தாண்டிவிட்டீர்கள். என்னால் அதை விட முடியாது.

அவசரத்துக்கு யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று கேட்க அந்தப் படிவத்தில் வேறு வரி உண்டு. நீங்கள் விட்ட வரி 2002 மார்ச் 4ஆம் திகதிச் சட்டத்தால் வந்தது. நீங்கள் பேச முடியாமல் கிடந்தால், உங்கள் விருப்பம் என்ன என்று மருத்துவர் கேட்கப் போவது அங்கே பெயர் எழுதப்பட்டவரைத்தான். குடும்பத்தில் மற்றவர்கள் சொல்வதைவிட அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். மூச்சு இழுக்க இழுக்க, "எனக்காகக் கதைக்க ஆர் இருக்கினம்" என்று யோசித்து உங்கள் பேனா நின்றிருக்கிறது. நோகிற இடம் அதுதான். சனம் என்ன சொல்லும் என்பது அதன்மேல் நீங்கள் போர்த்திய சீலை.

மகளுக்கும் ஒரு படிவம் வந்தது. நீங்கள் கேட்காமலே அதில் உங்கள் பெயரை எழுதினாள். தன் 7 மாதக் குழந்தையை எந்தக் கேள்வியும் இல்லாமல் உங்கள் கையில் கொடுக்கலாம் என்று கிரெஷுக்குச் சொல்லியிருக்கிறாள். கோபிக்க வேண்டாம் அம்மா. கதவைச் சாத்தியது அவள் இல்லை, நீங்கள். பேத்தி விடயத்தில் இன்னும் ஒன்று: பாட்டன் பாட்டியோடு உறவாடும் உரிமையைப் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 371-4ஆம் பிரிவு பேரப்பிள்ளைக்குத்தான் கொடுக்கிறது. மகளைத் தண்டிப்பதாக நினைத்து 7 மாதமாக நீங்கள் பிடித்து வைத்திருப்பது அந்தக் குழந்தைக்கு உரியதை.

ஜப்பானைச் சொன்னீர்கள். அந்தக் குடும்பப் பதிவேடு, கொசெக்கி, ஜப்பானியக் குடிகளுக்கு உரியது. வெளிநாட்டு மனைவி அதில் உறுப்பினராக ஏறுவதில்லை. கணவரின் பக்கத்தில் திருமணக் குறிப்பாக மட்டும் அவள் பெயர் இருக்கும். பிள்ளை பிறந்தால் தகப்பனின் குடும்பப் பெயரோடு அந்தப் பதிவேட்டில் ஏறும். உங்கள் அண்ணரின் பெயருக்கு அங்கே இடமில்லை. உங்கள் பேத்தியோ, இறந்துபோன உங்கள் கணவரின் பெயரைச் சுமக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அதை எழுதப் பழகிவிடுவாள். மாமியாரோடு ஒரே வீடு என்ற ஒழுங்கும் அங்கே தளர்ந்து கனகாலம். மூத்த மகன் வீட்டுத் தலைவன், மருமகள் கடைசிவரை பார்ப்பாள் என்ற பழைய குடும்பமுறை 1947இல் சட்டத்திலிருந்து போனது. மருமகளை மட்டும் நம்பி முதியோரைப் பார்க்க முடியாது என்று 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்புறுதியையே தொடங்கினார்கள். 40 வயதிலிருந்து எல்லோரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள்.

இங்கே பிரான்சில் பிறக்கும் பிள்ளைகளில் 100க்கு 60க்கும் மேல் திருமணப் பதிவு இல்லாத பெற்றோருடையவை. தகப்பன் நகரசபையில் பிள்ளையைத் தன்னுடையது என்று ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அதைப் பிள்ளைக்கு 1 வயதாகும் முன் செய்தால் இருவருக்கும் சம உரிமை. உங்கள் பேத்திக்கு இரட்டைப் பெயர் இருக்கிறது, ஆகவே அவன் அதைச் செய்துவிட்டான். பொறுப்பில்லாத பெடியன் என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்தப் பெயரே அவனுக்குச் சாட்சி.

உங்கள் கவலைக்கு ஓரிடத்தில் நியாயம் உண்டு. பக்ஸ் துணைக்குத் தானாகச் சொத்து வராது, உயில் வேண்டும். ஒரு பிள்ளை இருப்பதால் சொத்தில் பாதி பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டது; மற்றப் பாதிவரை துணைக்கு எழுதலாம், அதற்கு வாரிசு வரி இல்லை. உயில் முழுவதையும் தன் கையாலேயே எழுதி, திகதியிட்டு, கையெழுத்து வைத்தால் செல்லும். நொத்தாரிசிடம் வைத்தால் தொலையாது. ஆனால் நீங்கள் இப்போது வாங்குகிற அந்த பென்சன் பங்கு திருமணப் பதிவு உள்ளவர்களுக்கு மட்டும்தான். உயிலாலும் அதைப் பெற முடியாது. தாய் கேட்க வேண்டிய கேள்வி இது. கேளுங்கள், ஆனால் முதல் நாளே வேண்டாம்.

முதல் நாள் அப்படியொரு படிவத்தோடு மகளிடம் போங்கள். புதுத் தாளிலும் எழுதலாம்: மகளின் பெயர், பிறந்த திகதி, விலாசம், தொலைபேசி இலக்கம், உங்கள் கையெழுத்து. அவளும் அதில் கையெழுத்திட வேண்டும், அதனால் தபாலில் அனுப்பி முடிக்காதீர்கள். ஒரு பிரதி உங்கள் குடும்ப மருத்துவருக்கு, ஒன்று அவளுக்கு. மனம் மாறினால் எப்போதும் மாற்றலாம் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. "ஆஸ்பத்திரியில் கிடந்தனான், உனக்குச் சொல்லேல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கத்துவாள், அழுவாள். குறுக்கே பேசாதீர்கள். அந்த நேரத்தில் தாலிக் கதையை எடுத்தால் படிவம் மேசையிலேயே கிடக்கும், நீங்கள் பஸ்ஸில் தனியே திரும்புவீர்கள்.

பிறகு ஒரு பின்னேரம் குழந்தையைக் கூட்டிவர நீங்களே கிரெஷுக்குப் போங்கள். உங்கள் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். லிஸ்டில் பெயர் இருந்தாலும், முகம் தெரியாதவரிடம் முதல் நாள் அதைக் கேட்பார்கள்.