பாடகர் குழுவில் உங்கள் இடம்

கேள்வி: வயது 27. பன்னிரண்டு வயதிலிருந்து எங்கள் பங்கின் (எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் கோவில் சபையின்) பாடகர் குழுவில் பாடுகிறேன். நான் தன்பாலீர்ப்பாளன் என்பது போன மாதம் வீட்டில் தெரிந்து, அப்படியே அன்பியத்திலும் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) பரவிவிட்டது. சென்ற ஞாயிறு பூசையில் சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில், பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அம்மா வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்திருக்கிறார். கோவிலுக்குப் போவதை நிறுத்திவிடலாமா?
– பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்: நிறுத்தாதீர்கள், தம்பி. திருமுழுக்குப் பெற்ற அன்றைக்கே அந்தக் கோவில் உங்களுக்குச் சொந்தமாகிவிட்டது. அன்பியத்தைக் கேட்டு உங்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது ரத்தாகவும் ஆகாது.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்தப் பாட்டுப் புத்தகம்தான். பதினைந்து வருடம் தோளோடு தோள் நின்று பாடியிருக்கிறீர்கள். கைகூப்ப எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு மனமில்லாதவர், சற்று நேரத்தில் நற்கருணை வரிசையில் போய் நின்றிருப்பார். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று இயேசு சொன்னாரே, அது யாருக்கு? அந்த அண்ணன் இந்தப் பக்கத்தைப் படித்தால், அவரைத்தான் கேட்கிறேன்.

சபை சொல்வதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆணும் ஆணும் உடலால் சேர்வதைக் கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் பாவம் என்றே போதிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அதைச் சொல்கிற அதே திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2358ஆம் பத்தியில், உங்களைப் போன்றவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கும் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. முதலாவதை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் இரண்டாவதை வாசித்தார்களா என்று கேளுங்கள். 2023 டிசம்பரில், போப் பிரான்சிஸ் காலத்தில், தன்பால் இணையருக்குக் குருக்கள் ஆசி வழங்கலாம் என்று வத்திக்கானே அனுமதித்தது. அது திருமணம் ஆகாது என்றும் சேர்த்தே சொன்னது.

நம் ஊரிலேயே நடந்த ஒன்று. 1745இல் புதுச்சேரிக் கோவிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒதுக்கப்பட்டவர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதி அதோடு ஒழியவில்லை. உங்கள் வலியும் அவர்கள் பட்டதும் ஒன்று என்றும் சொல்ல வரவில்லை. உள்ளே இருந்துகொண்டு கேட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

அதற்காக நீங்கள் தினமும் காயப்பட வேண்டியதில்லை. அந்தப் பங்கில் மூச்சு முட்டினால் கொஞ்ச நாள் வேறு கோவிலில் பூசை பாருங்கள். சம்பா கோவில், இருதய ஆண்டவர், கப்ஸ் கோவில் என்று நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. ஊரே ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். பாடகர் குழுவில் உங்களை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களோடு இருங்கள்.

கல்யாணம் மட்டும் வேண்டவே வேண்டாம். விஷயம் தெரியாத ஒரு பெண்ணை மருந்தாகப் பயன்படுத்துவது பெரும்பாவம். இப்படி முக்கியமான ஒன்றை மறைத்து, ஏமாற்றி வாங்கிய சம்மதத்தில் நடந்த திருமணம் செல்லாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. குணமாக்குகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுக்க உத்தரவிட்டது. மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது.

அப்புறம், அம்மா. அவர் நேர்ந்துகொண்டது பயத்தில். மகன் கெட்டுப்போவான், தனியாகிவிடுவான் என்ற பயம். அந்த நேர்த்திக்கடனுக்கு நீங்களும் கூடப் போங்கள். மெழுகுதிரியை அவர் ஏற்றட்டும், தடுக்காதீர்கள். பிறகு அந்த வில்லியனூர் கோவில் குளத்துப் படியில் அவரை உட்காரவைத்து, சின்ன வயதிலிருந்து உங்களுக்கு எப்படி இருந்தது என்று முதலிலிருந்து சொல்லுங்கள். அன்பியத்து ஆட்கள் சொல்வதை மட்டுமே அவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.