மறைநிலையில் தேடினாலும் விளம்பரம் பின்தொடர்வது ஏன்?

"அம்மாவின் முழங்கால் வலிக்காகக் கைப்பேசியில் இரண்டு நாள் தேடினேன். ஒரு தளத்தில் முழங்கால் பட்டையும் வாங்கினேன். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் முழங்கால் விளம்பரம்தான். உலாவியின் மறைநிலையில் (இன்காக்னிட்டோ) தேடினேன், இலவச விபிஎன் போட்டேன், தனியுரிமையைக் காப்பதாகச் சொல்லும் ஒரு செயலியும் போட்டேன். நிற்கவில்லை. காசு கட்டி நல்ல விபிஎன் வாங்கினால் நிற்குமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

நிற்காது. வாங்க வேண்டாம். முதலில், போட்டு வைத்திருக்கும் அந்த இரண்டையும் இன்றே நீக்குங்கள்.

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை. அது உங்கள் ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் அடையாள எண்ணை, மறைக்கும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணைய இணைப்பு தருபவருக்குத் தெரியாமல் போகும். ஆனால் விபிஎன் நடத்துபவருக்குத் தெரியும். விளம்பரக்காரர்கள் உங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் குக்கீயாலும் (தளங்கள் உங்கள் உலாவியில் போட்டு வைக்கும் சிறு அடையாளக் குறிப்பு), கைப்பேசியின் விளம்பர ஐடியாலும் (விளம்பரத்துக்கென்றே கைப்பேசியில் இருக்கும் அடையாள எண்), நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்காலும். இந்த மூன்றையும் விபிஎன் தொடுவதே இல்லை. மறைநிலையும் போதாது. அது மூடும்போது, குக்கீ உட்பட அந்தத் தேடல் உங்கள் கருவியில் விட்ட தடயத்தை மட்டும் அழிக்கிறது. விளம்பர ஐடியைத் தொடுவதில்லை, அதற்குள்ளே கணக்கில் உள்நுழைந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இலவசமாகக் காவல் தருகிறேன் என்று வருபவரை நம்பவே நம்பாதீர்கள். ஃபேஸ்புக் 2013-இல் ஒனாவோ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் விபிஎன் செயலியைப் பாதுகாப்புக்கென்று போட்டவர்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதன் வழியாகவே கவனித்தது. அதற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்கும் அவாஸ்ட், பின்தொடர்தலைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டே பயனர்களின் உலாவல் விவரத்தை விற்றதாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட அது சம்மதித்தது. இவர்களே இப்படி என்றால், பெயர் தெரியாத இலவசச் செயலி என்ன செய்யும்?

நீக்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதியில் அந்தக் காவல் செயலி இயக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் முதலில் அதை அணையுங்கள். அந்த அனுமதி பெற்ற செயலியால் உங்கள் திரையில் இருப்பதைப் படிக்க முடியும்.

அப்புறம், ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அமைப்புகளில் விளம்பரங்கள் பகுதிக்குப் போய் விளம்பர ஐடியை நீக்குங்கள். ஐபோனில், பின்தொடர அனுமதி கேட்பதையே செயலிகளுக்கு அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் உலாவிக்கு ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, அதில் விளம்பரத்தையும் பின்தொடர்தலையும் தடுக்கும் யூபிளாக் ஒரிஜின் நீட்சியை (உலாவியோடு சேரும் சிறு நிரல்) சேருங்கள். இரண்டும் இலவசம்தான், ஆனால் நிரல் திறந்திருக்கிறது, யாரும் சோதிக்கலாம். குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கீயை (நீங்கள் திறந்த தளம் அல்லாமல் விளம்பர நிறுவனம் போன்ற வேறொருவர் போடும் குக்கீ) ஒழிப்பதாகக் கூகுள் 2020-இல் அறிவித்தது. நான்கு வருடம் இழுத்தடித்து, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 'என்னைப் பின்தொடராதே' என்று உலாவி அனுப்பும் குறிப்பைப் பெரும்பாலான தளங்கள் மதிக்கவே இல்லை. ஒரு நிறுவனம் செய்ய வேண்டிய வேலையை, வலிக்கு மருந்து தேடும் ஒரு பெண் பத்துத் திரை தாண்டிச் செய்ய வேண்டியிருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் பலிக்காத இடம் ஒன்று உண்டு. உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பட்டை வாங்கியபோது போன் நம்பர் கொடுத்திருப்பீர்கள். கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களின் நம்பர்களைச் சங்கேத எழுத்தாக மாற்றிச் சமூக ஊடக நிறுவனத்திடம் ஏற்றலாம். நீங்கள் அங்கே கணக்கு தொடங்கியதும் அதே நம்பரில் என்றால், அதுவும் அதே சங்கேதமாகத்தான் மாறும். இரண்டும் பொருந்தியதும் விளம்பரம் உங்களைத் தேடி வரும். இதில் குக்கீக்கு வேலையே இல்லை. நீங்கள் புதுக் கைப்பேசி வாங்கினாலும் வரும். மின்னஞ்சலும் இப்படித்தான். அதனால் உலாவியில் எதைத் தடுத்தும் பயனில்லை. அந்தத் தளத்துக்கு எழுதி, கணக்கையும் நம்பரையும் நீக்கச் சொல்லுங்கள். சமூக ஊடகக் கணக்கின் விளம்பர அமைப்பில் உங்கள் விவரத்தை ஏற்றிய விளம்பரதாரர்களின் பட்டியல் இருக்கும். அதில் இந்தக் கடையைத் தேடி மறையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஒரு தனி மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். நம்பர் கட்டாயம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.