கூட வேலை பார்ப்பவர் முதலாளி மாதிரி நடந்தால்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் மொத்தக் கடையில் பில்லிங் பார்க்கிறேன். என்னோடு அதே வேலை பார்க்கும் ஒருவர், எனக்கு முன்னாலேயே சேர்ந்தவர் என்பதால், தான் சொல்வதுதான் சட்டம் என்பார். கேரளாவில் இருக்கும் பாறசாலைக்கு 80,000 ரூபாய் லோடு போனபோது, "பக்கத்துலதானே, இ-வே பில் எதுக்கு" என்று, சரக்கோடு போக வேண்டிய அந்த ஆன்லைன் ஜிஎஸ்டி சீட்டைப் போட விடாமல் தடுத்துவிட்டார். வண்டி பிடிபட்டது. இப்போது பில் போட்டது நான்தான் என்று கைகாட்டுகிறார். முதலாளி என் சம்பளத்தில் பிடிப்பாராம். லேபர் ஆபீசில் ஆள் இருக்கிறது, புகார் கொடுத்து முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தொழிலாளர் துறையில் மனு கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. இந்த மாதிரி ஆட்கள் செய்வது என்னவென்றால், நீங்கள் சொன்னதோடு சொல்லாததையும் சேர்த்து மனு எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கி, அதே மனுவின் நகலோடு முதலாளியிடம் போய் "நான் பேசி முடிக்கிறேன்" என்று அங்கேயும் வாங்கிக்கொள்வார்கள். முடிப்பது என்றால் என்ன தெரியுமா, 'சுய விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்று உங்களிடம் எழுதி வாங்குவதுதான். 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமல் கடையிலிருந்து அனுப்ப முடியாது என்று தமிழ்நாடு கடைகள் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரியை எழுதிக்கொடுத்தால் அதுவும் போச்சு.

சரி, அந்த அண்ணன் விஷயம். கூட இருப்பவர் அதட்டுகிறார், மட்டம் தட்டுகிறார் என்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவர் பேச்சில் பாலியல் வாடை இருந்தால், உடம்பைப் பற்றிக் கமெண்ட், இரட்டை அர்த்தம், போனில் படம் காட்டுவது எதுவானாலும், வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டத்தின்படி 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் கீழ் என்றால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். தொட்டால்தான் புகார் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் இந்தக் குழு என்பது சுவரில் ஒட்டிய பேப்பர்தான், அதில் உள்ளவர் வேலையை விட்டுப் போய் வருஷமாகியிருக்கும், யாரும் வந்து பார்ப்பதில்லை என்பது வேறு கதை. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, அதனால் அந்தப் பக்கம் இழுக்க வேண்டாம். புரோக்கர் இழுக்கப் பார்ப்பார்.

உங்களுக்கு ஆபத்து அவர் வாயால் இல்லை, உங்கள் பெயரில் இருக்கும் பில்லால். தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு ஒரு லட்சம் வரை இ-வே பில் தேவையில்லை; களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம், அங்கே வரம்பு 50,000. தூரம் கணக்கில்லை. நாகர்கோவில் லோடுக்கான கணக்கை அவர் பாறசாலைக்கும் போட்டுவிட்டார், அவ்வளவு தைரியமாக. 80,000-க்கு 18% வரி 14,400, அபராதம் அதில் இரண்டு மடங்கு, 28,800. இதை உங்கள் தலையில் கட்டுவதற்கு முன் முதலாளி எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். கேட்காமல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கேட்டால் அந்த அண்ணன் சொன்னதை, அப்போது நின்றிருந்த லோடிங் ஆட்கள் யார் என்பதோடு எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்று உங்கள் கையில்.

இனிமேல் அவரோடு வாதாட வேண்டாம். இந்த மாதிரி ஆட்கள் ஆள் கூடும்போதுதான் இன்னும் ஏறுவார்கள். அடுத்த தடவை இப்படித் தடுத்தால், "அண்ணா, வேண்டாம்னு சொன்னீங்கல்ல, அதை வாட்ஸ்அப்ல போட்டுடுங்க, பில்லோட வச்சுக்கிறேன்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். போட மாட்டார். அப்போது நீங்களே, முதலாளி இருக்கும் குரூப்பில், 'பாறசாலை லோடு, அண்ணன் சொன்னபடி இ-வே பில் போடவில்லை' என்று ஒரு வரி. வாயால் சொல்லும்போது இருக்கும் அந்த நிச்சயம் எழுத்தில் வரும்போது பாதியாகிவிடும், பெரும்பாலும் "சரி, ஒண்ணு போட்டுடு" என்பார்.

இன்னொன்று, இ-வே பில் தளத்தில் ஆளுக்கொரு துணைப் பயனர் பெயர் உருவாக்க வசதி இருக்கிறது, டேலி கணக்கு சாஃப்ட்வேரிலும் தனித்தனி பாஸ்வேர்டு வைக்கலாம். முதலாளியிடம் அவரைப் பற்றிக் குறை சொல்லாமல் இதை மட்டும் கேளுங்கள். யார் எதைப் போட்டார் என்று அதுவே சொல்லும். ஒரே லாகினை நாலு பேர் தட்டும் கடையில் கடைசியில் மாட்டுவது சத்தம் போடத் தெரியாதவர்தான்.

அப்புறம், சேரும்போது வெள்ளைத்தாளில் கையெழுத்தோ ஒரிஜினல் சர்டிபிகேட்டோ கொடுத்திருந்தால், திரும்பக் கேட்டு இப்போதே ஒரு கடிதம் கொடுங்கள். தரவில்லை, அல்லது சம்பளத்தில் பிடித்துவிட்டார் என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். அலைய வைப்பார்கள், மதிய நேரத்தில் போகாதீர்கள்.