வேட்டைக்கும் ஆகாத, காவலுக்கும் ஆகாத துப்பாக்கியை ஆசைக்காக வாங்கி வைப்பதில் என்ன சந்தோஷம்?

கேட்டவரின் கேள்வி இதுதான்: அமெரிக்காவில் சிலர் வேட்டைக்குப் போவதில்லை, திருடனுக்குப் பயந்தும் வாங்குவதில்லை, ஆனாலும் பழங்காலத்துத் துப்பாக்கிகளை வாங்கி வைத்திருக்கிறார்கள். சுடுவதற்கே சிரமமான அந்தச் சாமான்களில் அப்படி என்ன இருக்கிறது?

நான் அந்தச் சிலரில் ஒருவன். தென்கிழக்குப் பென்சில்வேனியாவில் குடியிருக்கிறேன். வேட்டையாடுவதில்லை. என்னிடம் இருப்பவை மூன்று. ஒன்று, சிக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் நீளத் துப்பாக்கி. அடுத்தது, ரஷ்யப் படைக்காகச் செய்த நகான்ட் ரிவால்வர். மூன்றாவது, நம் ஊரிலிருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். இந்த மூன்றிலும் என் மனசு ஒட்டிக்கொண்டிருப்பது முதலாவதில்தான்.

இந்த நீளத் துப்பாக்கி பிறந்த இடமே நான் இருக்கும் பக்கம்தான். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் லங்காஸ்டர் வட்டாரத்துக்குக் குடிவந்த கொல்லர்கள், தங்கள் ஊர்க் காட்டு வேட்டைக்கான குட்டையான, தடித்த ரைஃபிளைச் செய்யத் தெரிந்தவர்கள். இங்கே ஈயமும் வெடிமருந்தும் எளிதில் கிடைக்கவில்லை, காடோ பெரியது. அதனால் குழலின் துளை சிறுத்தது, குழல் நீண்டது. 42 அங்குலக் குழல் இதில் சகஜம். தோளில் வைக்கும் மரக்கட்டையோடு சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தடி வரும். காரில் வைக்கவே ஒரு ஏற்பாடு வேண்டும்.

என்னுடையது புதிதாகச் செய்த நகல். கட்டை, அலை அலையாக வரியோடும் மேப்பிள் மரம். இரும்புத் தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அந்த நீரை மரத்தில் பூசுவார்கள். பூசியதும் பச்சை கலந்த அழுக்கு நிறம்தான் தெரியும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மரத்தில் படாமல் பக்கத்தில் காட்டிக்கொண்டே போனால், ஒரு நொடியில் செம்பழுப்பு எழும்பி வரும், உள்ளே இருக்கும் வரிகளும் விழித்துக்கொள்ளும். 250 வருஷத்துக்கு முன் இங்கே செய்த அதே முறை.

சரி, சுடுவது எப்படி? கொம்புக் குடுவையிலிருந்து கருமருந்தை முதலில் ஓர் அளவுக் குழாயில் எடுக்க வேண்டும். குடுவையை நேராகக் குழல் வாயில் கவிழ்க்கவே கூடாது. முந்தைய வெடியின் கங்கு உள்ளே இருந்தால் குடுவையே கையில் வெடித்துவிடும். என் துப்பாக்கிக்கு ஒரு வெடிக்கு நாலு கிராமுக்குச் சற்று மேல். அதைக் குழலில் கொட்டி, எண்ணெய் தடவிய மெத்தைத் துணியில் ஒரு துண்டைக் குழல் வாயில் விரித்து, அதன் மேல் ஈய உருண்டையை வைக்கிறோம். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான உருண்டை, எடை பதினொன்றரை கிராம் போல. கோலால் கீழே வரை இறக்கி, மருந்தின் மேல் அது உட்கார்ந்துவிட்டதைக் கையாலேயே உணர வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் உப்பிவிடலாம், பிளந்தும் விடலாம். கோலில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். கோடு குழல் வாய்க்கு நேராக வந்தால் சரியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் குதிரையை, அதாவது கல்லைக் கவ்வியிருக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி, பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணியில் பொடிமருந்து கொஞ்சம் போட்டு, எஃகு மூடியைச் சாத்த வேண்டும்.

விசையை அழுத்தியதும் குதிரையின் வாயில் கவ்வியிருக்கும் கல் அந்த எஃகு மூடியின் முகத்தைச் சீவிக்கொண்டே இறங்குகிறது. பறக்கும் பொறி கல்லினுடையது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எஃகு. கல்லின் கூர் சீவியெடுத்த துணுக்குகள் அந்தச் சூட்டிலேயே எரிகின்றன. சீவும்போதே மூடி முன்னால் சாய்ந்து கிண்ணியைத் திறந்துவிடுகிறது, பொறி மருந்தில் விழுகிறது. கிண்ணித் தீ குழலின் பக்கத் துளை வழியாக உள்ளே நுழைந்து பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. இத்தனையும் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்குள் நடக்கிறது. இக்காலத் துப்பாக்கியில் விசை அழுத்துவதும் வெடிப்பதும் ஒன்றுபோலத் தோன்றும். இதில் நடுவே ஒரு நொடித்துண்டு இருக்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் தீ எழும் அந்த நேரத்தில் தலை அசையக் கூடாது, குறியும் நகரக் கூடாது. இதைப் பழகுவதுதான் இந்தத் துப்பாக்கியின் கல்வி. பழகியவர்களைப் பார்த்தால் தெரியும், வெடித்த பிறகும் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

கேள்விக்கு என் நேர்ப் பதில் இங்கேதான் இருக்கிறது. பயனுள்ள துப்பாக்கியில் வேலையை எல்லாம் இயந்திரம் செய்துவிடுகிறது, நமக்கு மிச்சம் விசை அழுத்துவது மட்டும். இதில் ஒவ்வொரு வெடியும் நாம் செய்த ஒன்று. மருந்தின் அளவை மாற்றினால் குறி மாறுகிறது. துணி ஒரு நூல் தடிப்பாக இருந்தால் மாறுகிறது. காற்றில் ஈரம் ஏறினால் கிண்ணி மருந்து கூழாகிவிடுகிறது. சுட்டு முடித்துத் தரையில் கிடக்கும் துணித் துண்டைத் தேடியெடுத்துப் பார்ப்போம். சுற்றிலும் சீராகக் கருத்திருந்தால் நல்லது, நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது. இப்படிக் காரணமும் விளைவும் கையில் வந்து நிற்கிற பொழுதுபோக்கு எனக்கு வேறொன்றும் அமையவில்லை. ஒரு மதியம் முழுக்க நின்றாலும் இருபது முப்பது குண்டுதான் போகும், அதுவே போதும் என்றிருக்கும். புகை வேறு, தீபாவளி விடியற்காலைத் தெரு போல வெள்ளையாகத் தேங்கி நிற்கும். கந்தகமும் வெடியுப்பும்தானே அங்கேயும்.

பக்கத்து மேசையில் ஏஆர்-15 என்ற இக்காலத் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு எழுந்து வருவார்கள். கேட்டால் கொடுப்பேன். அவர்கள் மேல் எனக்கு எந்த இளக்காரமும் கிடையாது. ஆனால் ஒரு முறை சுட்டவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது முழுக்கப் பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. பென்சில்வேனியாவில் 1974 முதல், கிறிஸ்துமஸுக்குப் பிறகு, சிக்கிமுக்கித் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் இருக்கிறது. நான் போவதில்லை. ஆனால் அந்தப் பருவம் இருப்பதால்தான் இந்த வட்டாரத்தில் இதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன.

அடுத்தது நகான்ட் ரிவால்வர். 1895-இல் ரஷ்யா ஏற்றுக்கொண்டது, வடிவமைத்தவர் பெல்ஜியத்துக்காரர் லியோன் நகான்ட். எல்லா ரிவால்வரிலும் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு, வாயு அதில் கசியும். நகான்ட் அதைப் பொறுக்கவில்லை. குதிரை எழும்பும்போது உருளையே முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்கிறது. தோட்டாவின் பித்தளை உறை குண்டையும் தாண்டி நீண்டிருப்பதால், அந்த நுனி குழலுக்குள் புகுந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. அபாரமான யோசனை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. விசை அத்தனை கடினம், ஒரே இழுப்பில் சுட்டால் குறி தாறுமாறாகும். ஏழு தோட்டாவையும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும், காலி உறையையும் கம்பியால் ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்த லாபம் மிகச் சொற்பம். எந்தப் பெரிய படையும் அந்த வழியில் பின்தொடரவில்லை. அந்த உருளை முன்னால் ஒரு துளி நகர்வதைக் காலித் துப்பாக்கியில் மெதுவாகப் பார்ப்பதற்காகவே அதை வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, மேற்கு வங்கம் இசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த 2ஏ1. பிரிட்டிஷ் படையின் பழைய ரைஃபிளான லீ என்ஃபீல்டின் கடைசிக் குழந்தைகளில் ஒன்று. 1960-களில் இந்தியா அதை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி செய்தது. பிறகு உபரியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இரும்பில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் வருஷமும் பொறித்திருக்கும். ஊரில் காவல் நிலைய வாசலிலும் வங்கி வாசலிலும் பார்த்து வளர்ந்த அதே உருவம். இதைச் சுடுவதைவிடத் துடைப்பதில் எனக்கு அதிகம் பிரியம்.

துடைப்பது என்றதும் நினைவு வருகிறது. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே மிஞ்சும். அது ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் இரும்பைத் துருவேற்றிவிடும். எனவே சுட்ட அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட்டாக வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வரும். களைத்துப் போய் வந்த சாயங்காலம் இந்த வேலையைச் செய்ய மனமில்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

மருந்து கிடைப்பதும் முன்போல் நிச்சயமில்லை. அமெரிக்காவில் கருமருந்து செய்துவந்த கோயெக்ஸ் ஆலையை மூடுவதாக 2021-இல் அறிவித்தார்கள். எங்கள் வட்டத்தில் அன்று துக்க வீடுதான். மாற்றுப் பொடிகள் இருக்கின்றன, ஆனால் அவை பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும், சிக்கிமுக்கிப் பொறிக்கு மசியாது. கடைசியில் மாதிரி ராக்கெட் செய்யும் எஸ்டெஸ் நிறுவனத்தார் அந்த ஆலையை வாங்கினார்கள். அவர்களுடைய குட்டி ராக்கெட்டுக்கும் கருமருந்துதான் எரிபொருள்.

இனி, சிலர் மனதில் இருக்கும் கேள்வி: பிள்ளைகள் பள்ளியிலேயே சுடப்பட்டுச் சாகிற நாட்டில், ஆசைக்குத் துப்பாக்கி வைப்பது சரியா? நியாயமான கேள்வி. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். பழசு, மெதுவானது என்பதெல்லாம் அதற்குத் தடையில்லை. வீட்டில் யாராவது மனம் சோர்ந்து கிடக்கிறார்கள் என்றால் எந்தத் துப்பாக்கியும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, வெளியே ஒப்படைத்துவிட வேண்டும். என் வீட்டில் மூன்றும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்கின்றன. தோட்டாவும் மருந்தும் வேறிடத்தில். துப்பாக்கி வாங்குவதற்கு இன்னும் கடுமையான விதிகள் வந்தாலும் எனக்குச் சம்மதமே, என் சந்தோஷம் அதனால் குறையாது.

இங்குள்ள தமிழர்கள் சட்டம் பற்றி அடிக்கடி கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1968-ஆம் வருஷத்துக் கூட்டாட்சிச் சட்டப்படி, 1898 வரை செய்யப்பட்டவையும், வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பெரும்பாலான நகல்களும் பழம்பொருள் வகை. பின்னணிச் சோதனை இல்லாமலே வாங்கலாம். மாநிலச் சட்டம் வேறு. நியூ ஜெர்சியில் இந்த விலக்கை நம்பி வாங்கினால் சிக்கல்தான், அங்கே துப்பாக்கி வாங்குவோருக்கென்றே தரும் அடையாள அட்டையைக் கேட்பார்கள். நகான்ட், இசாப்பூர் மாதிரி தோட்டா போடும் துப்பாக்கி என்றால், எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் பொதுவாக வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. சேகரிப்பாளர் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு 30 டாலர், 50 வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை வாங்க உதவும், ஆனால் வாங்கியதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வர வேண்டும். எதை வாங்கினாலும் முதலில் உங்கள் மாநில விதியைப் படியுங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

ஆசை வந்துவிட்டதா? உடனே வாங்காதீர்கள், நல்ல நகலே ஆயிரம் டாலரைத் தாண்டும். இண்டியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில், 1933-இல் தொடங்கிய தேசிய வாய்க்கெட்டிப்பு ரைஃபிள் சங்கம் வருஷந்தோறும் போட்டி நடத்துகிறது. பல மாநிலங்களில் உள்ளூர்ச் சங்கங்களும் உண்டு. போய் நின்றாலே யாராவது ஒரு பெரியவர் தன் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடுவார். பருத்திச் சட்டை போட்டுப் போங்கள், பாலியஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். கூட வந்தவரை உங்கள் இடப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். வலக்கைத் துப்பாக்கியில் குழலின் பக்கத் துளையிலிருந்து வரும் தீ வலப்பக்கமாகத்தான் பாயும்.